காது மாறிய அட்டை

குளியலறைக் கண்ணாடி முன்னால் வெண்டல் ஹூபர் இடது கையில் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, வலது கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு, பந்து வீசப் போகிறவர் போல நின்றுகொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து லோரேன் கத்தினாள்.

"வெண்டல்! அடுப்புக் கையுறையைப் பாத்தியா?"

"ஒரு நிமிஷம்!"

"உள்ள மக்ரோனி கருகுது!"

"ஒரே ஒரு நிமிஷம், லோரேன்! கண்ணாடில நான் இப்ப இடது கைக்காரனா, வலது கைக்காரனா?"

முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் லோரேன் இதைவிட மோசமான கேள்விகளையெல்லாம் பார்த்தவள். நேரே வந்தாள். கையுறையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு போனாள். கருகியது போக மிச்சமிருந்ததை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு. என்ன குடி முழுகிப் போச்சு?"

வெண்டல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு பழைய பேஸ்பால் அட்டையை, பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பியோரியாவில் வாகன லைசென்ஸ் ஆபீஸில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் செய்த பிழைக்காக அவர்களை வரிசையின் வாலுக்குத் திருப்பி அனுப்புவார். சாயங்காலமானால் பிழையுள்ள பேஸ்பால் அட்டைகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்ப்பார். அந்தக் காலத்தில் பபுள்கம் பாக்கெட்டோடு வந்த அட்டைகள். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவர் ஜாதகம். பேரில் ஓர் எழுத்து விழுந்துபோனது, படம் இடவலம் மாறியது, ஒருவர் முதுகில் இன்னொருவர் ஜாதகம் அச்சானது என்று கம்பெனிக்காரன் எங்கே தடுக்கி விழுந்தானோ, அங்கேதான் இப்படிச் சேர்ப்பவர்களுக்குத் திருவிழா. 'எரர்' என்று சொல்லும்போதே குரல் குழையும்.

ஆனால் வெண்டலிடம் இருந்த எரர்கள் அத்தனையும் வேறு யாரோ கண்டுபிடித்தவை. வருடா வருடம் வெளியாகும் பெரிய பட்டியல் புத்தகத்தில் ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். நாற்பது வருடமாக அந்தப் பெயர்களைப் படித்து அவருக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம். 'கண்டுபிடித்தவர்: வெ. ஹூபர், பியோரியா.' இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டால் போதும், நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்பது அவர் கட்சி.

"ஹார்லன் ப்ரூயிட்," என்றார் மூச்சு வாங்க. "1967. நம்பர் 283."

"கேள்விப்பட்டதே இல்லையே."

"யாருமே கேள்விப்பட்டதில்ல! இது சுத்தமான காமன், சாதா அட்டை. இதை எவனும் சீந்த மாட்டான். என் ஷூ பெட்டில பதினஞ்சு வருஷமா தூங்குது. பின்னாடி படி."

"'இடது கைப் பந்துவீச்சாளர்.' சரி."

"இப்ப முன்னாடி பாரு. கையுறை எந்தக் கைல?"

"இடது கைல. அப்ப இவன் வலது கையாலதானே எறிவான்?" லோரேன் யோசித்தாள். "படத்தைத் திருப்பி அச்சடிச்சிருப்பாங்க. இதுக்கா என் மக்ரோனியைப் பலி குடுத்த?"

"தொப்பியைப் பாரு. எழுத்து நேரா இருக்கா, கண்ணாடில தெரியற மாதிரி திரும்பி இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

"அப்ப படம் திரும்பல!" வெண்டல் மேஜையைத் தட்டியதில் மிளகுப் புட்டி விழுந்தது. "ஆளே வேற, லோரேன்! இவன் ஹார்லன் ப்ரூயிட்டே இல்ல! நாப்பத்தெட்டு வருஷமா ஒருத்தன் கண்ணுலயும் படல!"

"ஒருத்தனும் பாக்கல, அதான்," என்றாள் லோரேன். "சாப்பிடு."

சனிக்கிழமை கடைத்தெருவில் ரஸ்ஸின் அட்டைக் கடைக்கு ஓடினார் வெண்டல். ரஸ் வெண்டலைக் 'காமன் ராஜா' என்று கூப்பிடுபவன். அட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதுவே வெண்டலுக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

"வேணும்னே மாத்திப் போட்டிருப்பான், ராஜா," என்றான் கடைசியில். "படம் எடுக்க வந்தவனைக் கலாய்க்கறதுக்காக வேற கைல கையுறையை மாட்டிக்கிட்டு நின்ன ஆட்டக்காரங்க உண்டு. அப்படின்னா இது எரர் இல்ல, குறும்பு. குறும்புக்கெல்லாம் உன் பேரைப் போட மாட்டாங்க."

பட்டியல் புத்தகத்தின் ஆசிரியரும் அதையேதான் பதிலாக எழுதினார். 'படத்தில் இருப்பது நான் அல்ல' என்று அந்த ஆட்டக்காரரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு படிவமும் அனுப்பியிருந்தார்.

ஹார்லன் ப்ரூயிட் உயிரோடுதான் இருந்தார். அயோவாவில் ஓக் ஹாலோ என்ற சின்ன ஊர். வெண்டல் போன் செய்தார். முன்பின் தெரியாத எழுபத்திரண்டு வயதுக்காரரிடம் 'ஐயா, உங்கள் மூஞ்சி உங்களுடையது இல்லையே' என்று எப்படி ஆரம்பிப்பது?

"மிஸ்டர் ப்ரூயிட், உங்க 1967 அட்டையைப் பத்தி... அதை இந்த வருஷம் ஒரு புத்தகத்துல சேர்க்கப் போறாங்க. அது விஷயமா நேர்ல வந்து பாக்கலாமான்னு..."

அந்தப் பக்கத்திலிருந்து "வெர்னா! வெர்னா, இங்க வா!" என்று ஒரு கத்தல். போன் கீழே விழுந்த ஓசை. யாரோ விசில் அடித்தார்கள்.

"எதுக்காகச் சேர்க்கறாங்கன்னு சொன்னியா?" என்று கேட்டாள் லோரேன்.

"அதை நேர்ல சொல்லிக்கலாம்னு..."

"நல்லாப் படுவ," என்றாள் லோரேன்.

செவ்வாய்க்கிழமை அந்த ஊர் பாஸ்டர் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சின்னதா ஒரு சாப்பாடு வெச்சிருக்கோம். நீங்க பேஸ்பால் மியூசியத்துலயா இருக்கீங்க?"

"ஐயோ, இல்ல பாஸ்டர். நான் ஆபீஸ்ல ரெக்கார்ட் சரிபாக்கறவன், அவ்வளவுதான்."

"அட! ரெக்கார்ட் ஆபீஸரே நேர்ல வர்றாரா!"

இல்லை என்று சொல்ல வெண்டல் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். வெண்டல் திரும்பக் கூப்பிட்டார். எடுத்த அம்மாள், "பாஸ்டர் பேனர் எழுத ஆள் கூப்பிடப் போயிருக்காரு," என்றாள்.

ஞாயிறு மத்தியானம், நாலு மணி நேரம் காரோட்டிக்கொண்டு, மிசிசிப்பியைத் தாண்டி ஓக் ஹாலோ போய்ச் சேர்ந்தார். சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் 'ஓக் ஹாலோவின் தங்க இடது கை' என்று சுவருக்குச் சுவர் பேனர். நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெண்டல் தமக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

நடுவில் கேக். மேஜை அகலத்துக்கு, சர்க்கரைப் பாகில் அந்த 283-ஆம் நம்பர் அட்டையையே அச்சாக எடுத்திருந்தார்கள். கேக்கில் சிரித்துக்கொண்டிருந்தவருக்குக் காது இருக்கிற இடமே தெரியவில்லை, மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. கேக்குக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த ஹார்லன் ப்ரூயிட்டுக்கோ ஒவ்வொரு காதும் ஒரு முறம்.

வெண்டல் கேக்கையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"வயசானா காது வளரும். டாக்டரே சொல்லியிருக்காரு."

கூடத்தில் நாலு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஊரே சேர்ந்து இந்த விஷயத்தை எப்போதோ பேசி முடித்துவிட்டது என்று தெரிந்தது.

ஹார்லனின் மனைவி வெர்னா கத்தியோடு வந்தாள். சின்ன உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. கேக்கின் ஓரத்து வெள்ளைப் பட்டையை ஒட்டி ஒரே இழுப்பு. நாலு பக்கமும் ஓரம் மயிரிழை பிசகாமல் சமமாக நின்றது. அட்டையில் படம் நட்டநடுவில் இருக்கிறதா என்று நாற்பது வருடம் அளந்த வெண்டலுக்கு, வந்த வேலையே மறந்துவிட்டது.

"என்னா சென்டரிங்!" என்றார் தம்மை மறந்து.

"பழைய வேலைப் பழக்கம், தம்பி," என்றாள் வெர்னா. "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மிட்டாய் கம்பெனில கத்தரிக்கோலும் பசையுமாத்தான் உக்காந்திருந்தேன்."

"லேபிள் ஒட்டுவீங்களா?"

"எதையாவது ஒட்டிக்கிட்டே இருப்பேன். இந்தாங்க, மூக்குத் துண்டு உங்களுக்கு."

வாயில் மூக்கோடு வெண்டல் யோசித்தார். முதலில் ஆள் இடது கைதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கிழவரிடம் நேராகக் கேட்டால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கூடையில் ரொட்டிப் பன்கள் இருந்தன. ஒன்றை எடுத்தார்.

"மிஸ்டர் ப்ரூயிட்! பன்!"

எழுபத்திரண்டு வயது ஹார்லன் ப்ரூயிட் பேச்சை நிறுத்தாமலே வலது கையால் பன்னைக் கவ்வி, இடது கைக்கு மாற்றி, காலைத் தூக்கி, ஒரு வீச்சு வீசினார். வெண்டல் குனிந்துவிட்டார். பின்னால் ஜெபம் சொல்ல எழுந்திருந்த பாஸ்டரின் கையிலிருந்த பச்சை ஜெல்லிக் கிண்ணத்தில் பன் போய் இறங்கியது. ஜெல்லி பாஸ்டரின் முகத்தில் ஏறியது.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்ட்ரைக்! குறி தப்பல!" என்றார்.

அவ்வளவுதான், கூடம் வெடித்தது. "எனக்கு ஒண்ணு, ஹார்லன்!" "இங்க போடுங்க!" "எனக்கு வளைச்சுப் போடுங்க!" பன் தீர்ந்ததும் உருளைக்கிழங்கை எடுத்தார்கள். பாடகர் குழுவில் தடித்த குரல்காரர் ஒருவர் நாற்காலிமேல் ஏறித் தொப்பியால் பிடித்தார். வெண்டல் மேஜைக்கடியில் உட்கார்ந்தபடி, 'இடது கை! சந்தேகமே இல்லை! இடது கை!' என்று தமக்குத்தாமே கைகுலுக்கிக்கொண்டார். இனி பாக்கி ஒரே ஒரு கையெழுத்துதான்.

மேஜை விரிப்பு தூக்கப்பட்டது. ஹார்லனின் முகம் தெரிந்தது. அவர் வெண்டலின் கையைப் பிடித்து, கோட்டு மாட்டும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, பன்னை நீ ஏன் எறிஞ்சன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

வெண்டல் படிவத்தை எடுத்து நீட்டினார். ஹார்லன் கண்ணாடி போட்டு அதை மெதுவாகப் படித்தார். இரண்டு காதும் சிவந்தன. அவ்வளவு பெரிய இடம் சிவந்ததில் அறையே சிவந்த மாதிரி இருந்தது.

"அது எட்டி லோமாக்ஸ்," என்றார். "என் ரூம்ல கூட இருந்தவன். வலது கைக்காரன். அழகன், பாவி. கம்பெனிக்காரன் எவனோ படத்தை மாத்தி ஒட்டிட்டான்."

"கம்பெனிக்கு எழுதிச் சொல்லியிருக்கலாமே, சார்?"

"எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அன்னிக்குத்தான் வெர்னா லெட்டர் வந்துச்சு. முன்னபின்ன தெரியாத பொண்ணு. 'உங்க படத்தைப் பாத்ததுலேர்ந்து எனக்கு வேலையே ஓடல'ன்னு எழுதியிருந்தா." ஹார்லன் ஒரு கோட்டின் பொத்தானைத் திருகினார். "எட்டி படத்தைப் பாத்து மயங்கியிருக்கா. நான் என்ன பண்ணுவேன்? நான்தான் ஹார்லன் ப்ரூயிட்னு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தா. பாத்தா. 'தொப்பி போட்டா ஆள் வேற மாதிரி தெரிவேங்க'ன்னு நானே முந்திக்கிட்டேன். சிரிச்சிட்டு உள்ள வாங்கன்னா."

"அப்புறம்?"

"நாப்பத்தேழு வருஷம். காலைல அவ கண்ணைத் திறந்து என் மூஞ்சியைப் பாக்கறப்பல்லாம், இன்னிக்குக் கண்டுபிடிச்சிடுவாளோன்னு தொப்பியைத் தேடுவேன். இன்னும் எத்தனை நாள் இருக்கப் போறோம்? விட்டுடு தம்பி."

வெண்டலுக்குக் கிழவர்மேல் இரக்கம் வந்தது. கூடவே, தயங்காமல் சொல்லிவிடுவோம், ஆத்திரமாகவும் வந்தது. நாற்பது வருடத்தில் கிடைத்த ஒரே எரர், அதுவும் ஒரு குடும்பத்துக்கு அஸ்திவாரமாகவா இருக்க வேண்டும்? படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி சார்," என்றார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வெளியே வந்ததும் பாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். தலைமுடியில் இன்னும் பச்சை ஜெல்லி.

"எல்லாரும் உக்காருங்க! ஆபீஸர் பையில சர்ட்டிபிகேட் வெச்சிருக்காரு, நான் பாத்துட்டேன்! சத்தமாப் படிங்க சார்!"

நூறு பேர் உட்கார்ந்தார்கள். படிவம் வெண்டலின் கையில் விரிந்தது. 'இந்த அட்டையிலுள்ள படத்தில் இருப்பது நான் அல்ல என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' வெர்னா முதல் வரிசையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஹார்லன் சுவரோடு சுவராகப் போயிருந்தார்.

பிழையுள்ள பேப்பரை ஒரு நாளும் தாண்ட விடாத வெண்டல் ஹூபர் தொண்டையைச் செருமினார்.

"'இந்த அட்டையிலுள்ள படத்தில் இருப்பது... சாட்சாத் ஹார்லன் ப்ரூயிட் அவர்களே என்றும், அவர் காதுகள் உள்பட அனைத்தும் சரியாக உள்ளன என்றும், இதில் யாதொரு பிழையும் இல்லை என்றும் இதன்மூலம் உறுதி கூறப்படுகிறது.'"

கூரை பறந்தது. தடித்த குரல்காரர் பாட ஆரம்பித்துவிட்டார். "கையெழுத்து! கையெழுத்து!" என்று ஊரே தாளம் போட்டது. யாரோ பேனாவைத் திணித்தார்கள். ஹார்லன் கண்ணில் நீர் மறைக்க, எங்கே என்றுகூடப் பார்க்காமல், இடது கையால் பெரிதாக ஒரு கையெழுத்தைப் போட்டார். பாஸ்டர் சாட்சிக் கையெழுத்து வேறு போட்டார்.

வெண்டல் எப்படியோ தப்பித்துக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார். கையில் படிவம். 'படத்தில் இருப்பது நான் அல்ல.' கீழே ஆட்டக்காரரின் கையெழுத்து, சாட்சியாகப் போதகரின் கையெழுத்து. இதைவிடப் பக்காவான ஆவணத்தை அவர் ஆபீஸிலேயே பார்த்ததில்லை. ஓர் உறை, ஒரு தபால்தலை, ஆயுசுக்கும் பட்டியலில் பெயர். ரஸ் இனி ராஜா என்று கூப்பிட்டால் அதில் கேலி இருக்காது.

கார் கதவில் சாய்ந்துகொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நாலாகக் கிழித்தார். நாலை எட்டாக்கினார். எட்டையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"என்ன தம்பி கிழிக்கறீங்க?"

வெர்னா நின்றிருந்தாள், கையில் வெள்ளித்தாளில் சுற்றிய கேக்.

"ஒண்ணுமில்லம்மா. படிவத்துல ஒரு சின்னத் தப்பு. வேற அனுப்பறேன்."

"தப்பு இருந்தாத்தானே உங்க ஆளுங்களுக்குப் பிடிக்கும்? பியோரியாவுக்குப் போன் பண்ணிப் பேசினேன். உங்க வீட்டம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நல்ல பொம்பளை. மக்ரோனிக்கு ஒரு பக்குவம் கேட்டா." வெர்னா கேக்கை அவர் கையில் வைத்தாள். "கோட்டு ரூம்ல இவரு அழுதாரா?"

"அம்மா, நான்..."

"எட்டி லோமாக்ஸ் கதையைச் சொன்னாரா? நான் அந்த அழகனைப் பாத்து மயங்கிட்டேன்னு?" அவள் சிரித்தாள். "நாப்பத்தேழு வருஷமா தூக்கத்துல உளர்றாரு, தம்பி. எப்பவாவது நேர்ல கேப்பாரு, சொல்லலாம்னு நானும் காத்துக்கிட்டு இருக்கேன்."

கைப்பையைத் திறந்தாள். லைசென்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் புகைப்படத்தை உருவினாள். பழுப்பேறியிருந்தது. நாலு ஓரமும் மயிரிழை பிசகாமல் வெட்டியது. அதில் ஒரு வாலிபன், வலது கையில் கையுறை, அதே தொப்பி, தொப்பிக்கு இரண்டு பக்கமும் இரண்டு முறம். வெண்டல் திருப்பிப் பார்த்தார். பின்னால் பென்சிலில் கம்பெனி நம்பர்: 283.

வெண்டல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது... இது கம்பெனியோட மூலப் படமாச்சே! இது உங்களுக்கு எப்படிம்மா கிடைச்சுது?"

வெர்னா சர்ச் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மிட்டாய் கம்பெனி பபுள்கம்மும் போட்டுச்சு, தம்பி. அறுநூறு மூஞ்சி என் மேஜைக்கு வந்துச்சு, பேர் பாத்து ஒட்டறதுக்கு. இந்த ஒரு மூஞ்சியை மட்டும் திருப்பிக் குடுக்க மனசு வரல, பையில போட்டுக்கிட்டேன். அந்த இடத்தைக் காலியா விட முடியுமா, பக்கத்துல கிடந்த எவனையோ எடுத்து ஒட்டிட்டேன்!"